மூச்சு வாங்குது என்றேன், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றார்கள்

போன வருடம் எனக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி, அதாவது உறைந்த ரத்தம், அடைத்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பல்மனரி எம்பாலிசம் என்று இருக்கும், டாக்டர்கள் பேச்சில் பி.இ. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு சாருக்கும் இதே நோய் வந்திருந்தது. அவருக்கு ஒரே ராத்திரியில் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு மூன்று வாரத்துக்கு மேல் இழுத்தது. இருவரும் போனது திருச்சியில் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே அவசரப் பிரிவு. நோய் ஒன்றுதான், ஆனால் அது வந்த காரணம், காட்டிய அறிகுறி, மாத்திரை படுத்திய பாடு, மாத்திரையை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி என எல்லாவற்றிலும் அவர் கதை வேறு, என் கதை வேறு. இதில் பாதியை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்குப் பணமும் மிஞ்சியிருக்கும், நிம்மதியும் மிஞ்சியிருக்கும். நான் டாக்டர் இல்லை. பட்டதையும், பிறகு படித்தும் டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

எனக்கு 36 வயது, ஒரு பையன். பல வருடமாக பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. மாதவிடாய் வந்தால் நிற்காது, இல்லையென்றால் இரண்டு மாதம் தலைகாட்டாது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு மகப்பேறு டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுத்தார். 21 நாள் போட்டுவிட்டு 7 நாள் விட வேண்டிய அட்டை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் இரண்டும் கலந்தது, கருத்தடைக்குக் கொடுப்பதும் இதைத்தான். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது, ரத்தப்போக்கு கட்டுக்குள் வந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடையில் ஒரு விசேஷத்துக்காக பெங்களூருக்கு பஸ்ஸில் போய் வந்தோம், காலை நீட்ட இடமில்லாத சீட். திரும்பி வந்த வாரம் அலுவலக மாடிப்படி ஏறும்போது முதல் மாடி திரும்புகிற இடத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வலி எதுவும் இல்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கும், காற்றை எவ்வளவு இழுத்தாலும் பற்றாது, இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். சரி, வெயிட் போட்டுவிட்டது போல என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

முதலில் தெரு முனை கிளினிக். கேஸ் என்று சொல்லி வெறும் வயிற்றில் போட மாத்திரை தந்தார்கள். குறையவில்லை என்று வேறொருவரிடம் போனேன். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்து ரத்தம் குறைவு என்றார், இரும்புச்சத்து மாத்திரை. அது உண்மையும்கூட, என் ஹீமோகுளோபின் எப்போதும் 10-ஐத் தாண்டியதில்லை. அதனால்தான் நானும் நம்பினேன். ஒருநாள் ராத்திரி படுத்திருக்கும்போதே படபடப்பு வந்து, நான் சொன்ன அந்த அவசரப் பிரிவுக்குப் போனோம். ஈசிஜியில் இதயத் துடிப்பு வேகமாக இருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். டியூட்டி டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்து, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா சார்? மேடம் ரொம்ப டென்ஷன் எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டார். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்த நிமிடம் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதைவிட மோசம், மறுநாள் காலையில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை மனசுதானோ என்று. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கும் போனேன்.

இப்போது சார் கதை. அவருக்கு 50 தாண்டிவிட்டது. கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலித்திருக்கிறது, நரம்பு இழுத்துக்கொண்டது என்று தைலம் தேய்த்திருக்கிறார் (காலில் உறைந்த ரத்தம்தான் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போய் அடைக்கிறது). நாலைந்து நாள் கழித்து மூச்சை இழுத்தால் விலாவில் குத்தும் வலி, இருமினால் சளியில் ரத்தம். உள்ளே போன வேகத்தில் படுக்கவைத்து ஈசிஜி எடுத்து, ரத்தம் அனுப்பி, விடிவதற்குள் சிடி ஸ்கேன் முடிந்துவிட்டது. நான் அவருக்குக் குறையாகச் சொல்லவில்லை, அவர் உயிர் பிழைத்ததே அந்த வேகத்தால்தான். ஆனால் வித்தியாசம் எங்கே என்று பிறகு புரிந்தது. நெஞ்சுவலி, சளியில் ரத்தம், காலில் கட்டி இருப்பது தெரிவது, இவை ஆண் நோயாளிகளிடம் அதிகம் காணப்படுகின்றன. பெண்களிடம் மூச்சுத்திணறலும் மயக்கமும்தான் அதிகம். பெரிய நோயாளிப் பதிவேடுகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. அதற்காக எந்த ஆணுக்கும் வெறும் மூச்சுத்திணறல் வராது என்றோ, எந்தப் பெண்ணுக்கும் கால் வீங்காது என்றோ அர்த்தமில்லை. ஆனால் சளியில் ரத்தம் வந்தால் யாரும் டென்ஷன் என்று சொல்ல மாட்டார்கள். மூச்சு வாங்குது என்று ஒரு பெண் சொன்னால் கேஸ், ரத்தசோகை, உடல் பருமன், மனசு என்று வரிசையாக நாலு காரணம் தயாராக இருக்கிறது.

இன்னொன்று. அவசரப் பிரிவில் பி.இ. சந்தேகத்தை எடைபோட மதிப்பெண் முறைகள் வைத்திருக்கிறார்கள். அதிகம் பயன்படுத்துவது வெல்ஸ் ஸ்கோர். துடிப்பு 100-க்கு மேலா, கால் வீக்கமா, சளியில் ரத்தமா, சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா, புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அதில் ஹார்மோன் மாத்திரை பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது. பெர்க் என்று இன்னொன்று இருக்கிறது, எட்டுக் கேள்வி. எட்டுக்கும் இல்லை என்று வந்தால்தான் மேற்கொண்டு சோதனை வேண்டாம் என்று விடலாம். அந்த எட்டில் ஒன்று, ஈஸ்ட்ரோஜன் எடுக்கிறாரா என்பது. என்னிடம் யாராவது அதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். கேட்டது என்ன தெரியுமா? சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, வேறு ஏதாவது வியாதிக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா? மாதவிடாய்க்குப் போடும் மாத்திரையை யார் வியாதி மாத்திரையாக நினைப்பார்கள்? அதனால் கேட்காவிட்டாலும் நீங்களே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். கருத்தடை மாத்திரை, பிசிஓடி மாத்திரை, குழந்தைப்பேறு சிகிச்சை ஊசி, சமீபத்தில் பிரசவம், கரு கலைந்தது, எதுவாக இருந்தாலும். கூடவே நேரடியாகக் கேளுங்கள்: "டாக்டர், இது பி.இ.யா இருக்க வாய்ப்பு இருக்கா? டி-டைமர் பார்க்கலாமா?" டி-டைமர் என்பது ஒரு ரத்தப் பரிசோதனை, எங்கள் ஊர் லேபில் 1,200 ரூபாய் வாங்கினார்கள். சந்தேகம் குறைவாக இருக்கும்போது அது நார்மலாக வந்தால் கட்டி இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். கூடியிருந்தால் அதை மட்டும் வைத்துக் கட்டி இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, கர்ப்பத்தில்கூட அது தானாகவே கூடும்.

வீட்டில் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் எல்லார் வீட்டு மேசை டிராயரிலும் கிடக்கிறதே, அதை எடுத்து உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள், வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடந்துவிட்டு ஒருமுறை பாருங்கள். எனக்கு உட்கார்ந்தால் ஆக்சிஜன் 96 சதவீதம், மாடி ஏறி இறங்கினால் 88. அவசரப் பிரிவில் எல்லோருக்கும் படுக்கவைத்துத்தான் விரலில் மாட்டுகிறார்கள். ஆனால் நார்மலாக வந்தால் பி.இ. இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், குறைந்தால் மட்டும் அதை ஒரு ஆதாரமாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கடைசியில் எனக்குத் தெரியவந்தது மயக்கத்தில். காலையில் பாத்ரூமில் நின்றபடியே கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்திருக்கிறேன், அத்தை கதவைத் தட்டும் சத்தம் எங்கோ கிணற்றுக்குள் கேட்கிற மாதிரி இருந்தது. 108-ல்தான் போனோம். வண்டியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இந்த முறை பார்த்தவர் மேல்படிப்பு படிக்கிற இளவயது டாக்டர். நாலைந்து கேள்விக்குள் "பீரியட்ஸுக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார். நான் தலையாட்டியதும் அவர் முகம் மாறியது. கர்ப்பம் இல்லை என்று பார்த்துவிட்டு உடனே சிடி எடுத்தார்கள், கையில் மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவியது. இரண்டு நுரையீரலிலும் கட்டி. எக்கோவில் இதயத்தின் வலது பக்கம் வீங்கி, திணறிக்கொண்டிருந்தது. ஐசியு, வயிற்றில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் வகை ஊசி, தொப்புளைச் சுற்றி நீலமும் பச்சையுமாகக் கன்றிப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது பயத்தால் இல்லை. மனசுதான் காரணம் இல்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி, அந்த நிம்மதியை நினைத்து ஒரு ஆத்திரம்.

ஹார்மோன் மாத்திரை என்றால் விஷம் என்று யாரும் ஓடிவிடக் கூடாது என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தந்திருக்கும் கணக்கு இது. மாத்திரை போடாத, கர்ப்பமும் இல்லாத பெண்கள் 10,000 பேரில் வருடத்துக்கு 1 முதல் 5 பேருக்கு ரத்தக்கட்டி வரும். கலப்பு மாத்திரை போட்டால் 3 முதல் 9. கர்ப்பத்தில் 5 முதல் 20. பிரசவமான முதல் 12 வாரத்தில் அதே விகிதம் 40 முதல் 65. ஆக, மாத்திரையைவிடப் பிள்ளை பெற்ற பிறகுதான் ஆபத்து மிக அதிகம். அந்தக் காலத்தில்தான் நம் வீடுகளில் மூச்சு வாங்கினால் பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் படுக்கவைக்கிறோம். மாத்திரையால் வரும் ஆபத்தும் ஆரம்பித்த முதல் சில மாதங்களில்தான் அதிகம், உடல் எடையும் சேர்ந்தால் இன்னும் கூடும். இன்னொன்று நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டும்: கல்யாணம், கும்பாபிஷேகம், கோயில் பயணம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே வாங்கிப் போடும் நோரெத்திஸ்டிரோன் மாத்திரை. அது புரோஜெஸ்டோஜன் மட்டும்தான் என்று நினைப்போம், ஆனால் தள்ளிப்போடக் கொடுக்கும் அளவில் அதில் ஒரு பங்கு உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருந்தால் அதைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்காமல் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டாவது அடி. ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்ஸபான் மாத்திரை, முதல் 21 நாள் 15 மி.கி. காலையும் மாலையும், பிறகு தினம் 20 மி.கி. (இதைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ளாது. இதையும் எனக்கு மருந்துக் கடைப் பையன்தான் சொன்னான்.) ஹார்மோன் மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே நிறுத்திவிட்டார்கள். ரத்தப்போக்கைக் கட்டிவைத்திருந்த மாத்திரையை எடுத்துவிட்டு, ரத்தம் உறையாமல் செய்யும் மாத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகும்? அடுத்த மாதவிடாய் வந்தது, நிற்கவே இல்லை. பேட் ஒரு மணி நேரம் தாங்காது. வேலைக்குத் திரும்பிய வாரத்தில் மீட்டிங் முடிந்து எழுந்தால் நாற்காலி மெத்தையில் கறை. துப்பட்டாவை மடித்துப் போட்டு மறைத்துக்கொண்டு எல்லோரும் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி, மறுபடி மூச்சு வாங்கியது, மறுபடி கட்டியோ என்று பயந்து மறுபடி ஒரு ஸ்கேன், 8,000 ரூபாய். கட்டி இல்லை, ரத்தம்தான் இல்லை. நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். சாரிடம் கேட்டேன், மாத்திரையால் உங்களுக்கு என்ன தொல்லை சார் என்று. ஷேவ் செய்யும்போது வெட்டினால் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும் மேடம், அவ்வளவுதான் என்றார்.

மாதவிடாய் வரும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு இந்த மாத்திரையை எழுதும்போதே மகப்பேறு டாக்டரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். யாரும் கூப்பிடவில்லை என்றால் நீங்களே டிஸ்சார்ஜுக்கு முன் கேளுங்கள். எனக்கு பிறகு மகப்பேறு டாக்டரும் பி.இ.க்குப் பார்த்த டாக்டரும் பேசி, அதே வேலை செய்யும் அபிக்ஸபான் மாத்திரைக்கு மாற்றினார்கள். மாதவிடாய் ரத்தப்போக்கு ரிவராக்ஸபானில்தான் இன்னும் அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது. கருப்பையில் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஒரு நல்ல வழி, அதில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை முழு அளவில் ஓடும்வரை பழைய ஹார்மோன் மாத்திரையையே தொடர்ந்துவிட்டு, இதை முடிப்பதற்குச் சில வாரம் முன்பு அதை நிறுத்துவதும் ஒத்துக்கொள்ளப்பட்ட முறைதான் என்றும் அப்போதுதான் தெரிந்தது. ஆனால் இதெல்லாம் அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. நீங்களாகச் செய்யக் கூடாதவை மூன்று: ரத்தம் அதிகம் போகிறது என்று மாத்திரையை நிறுத்துவது, ரத்தம் நிற்க வழக்கமாகப் போடும் டிரானெக்ஸாமிக் ஆசிட்டைக் கேட்காமல் போடுவது (அதன் வேலையே கட்டியைக் கரையவிடாமல் செய்வதுதான்), வயிற்றுவலிக்கு மெஃபினமிக் ஆசிட் கலந்த மாத்திரையை எப்போதும் போல விழுங்குவது. மூன்றாவதுதான் நம் கைப்பையிலேயே இருக்கும். வலிக்கு பாரசிட்டமால் போதும் என்றார்கள்.

நிறுத்துவது பற்றி வருகிறேன். இதில் மட்டும் நான் அதிர்ஷ்டக்காரி. சாருக்கு எந்தக் காரணமும் இல்லாமல் வந்த கட்டி, அதனால் நிறுத்தாமல் தொடரச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு மனசே இல்லை. எனக்கு மட்டும் ஏன் சாகிறவரைக்கும், அந்த மேடத்துக்கு ஆறு மாசமா என்று அவர் டாக்டரிடமே கேட்டாராம். ஆண்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு உண்மையிலேயே அதிகம். 2004-ல் வெளிவந்த வியன்னா ஆய்வு ஒன்றில், காரணமில்லாமல் முதல்முறை கட்டி வந்து மாத்திரையை நிறுத்தியவர்களில் ஐந்து வருடத்துக்குள் மறுபடி வந்தது ஆண்களில் 30.7 சதவீதம், பெண்களில் 8.5 சதவீதம். கனடாக்காரர்கள் உருவாக்கிய ஹெர்டூ2 என்ற விதியும் ஆண்கள் எல்லோரும் தொடரட்டும் என்றுதான் ஆரம்பிக்கிறது. பெண்களுக்கு மட்டும் காலில் கருமை, சிவப்பு அல்லது வீக்கம், டி-டைமர், பருமன், 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயது என்று நாலு விஷயம் பார்த்து, ஒன்றோ அதற்குக் குறைவோ இருந்தால் நிறுத்தலாம் என்கிறது. எனக்கு அதுவரைகூடப் போகத் தேவையிருக்கவில்லை, காரணம் ஹார்மோன் மாத்திரை என்று தெரிந்துவிட்டதால் ஆறு மாதத்தில் முடித்துவிட்டார்கள். ஆனால் ஈஸ்ட்ரோஜன் இனி ஜென்மத்துக்கும் கிடையாது. இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் கர்ப்பம் முழுக்கவும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரமும் ஹெபாரின் வகை ஊசி. ரிவராக்ஸபான் மாதிரி மாத்திரைகளோ, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் பழைய மாத்திரையான வார்ஃபரினோ கர்ப்பத்தில் ஆகாது, அதனால் மாத்திரை ஓடும்போது நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே டெஸ்ட் செய்துவிடுங்கள். என் தங்கையிடமும் சொல்லியிருக்கிறேன், எந்த ஹார்மோன் மாத்திரை எழுதினாலும் அக்காவுக்கு பி.இ. வந்தது என்று முதலில் சொல் என்று. அவள் இப்போது ஹார்மோன் இல்லாத காப்பர்-டி வைத்திருக்கிறாள்.

மாத்திரையை நிறுத்திய பிறகு வந்த பயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ராத்திரி எழுந்து ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், கணவர் திட்டுவார். உண்மையில் மூன்று மாதம் கழித்தும் மூச்சு வாங்கினால் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும், கட்டி கரையாமல் தங்கி நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறுவது சிலருக்கு நடக்கும். எனக்கு எக்கோ நார்மல். அதற்கப்புறம்தான் தூக்கம் வந்தது.

கடைசியாகப் பணம். ஆஸ்பத்திரி பில் மட்டும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் சொச்சம். அதற்கு முன் கிளினிக், லேப் என்று அலைந்தது, பிறகு இரும்புச்சத்து ஏற்றியது, சம்பளமில்லா விடுப்பு எல்லாம் சேர்த்தால் இன்னும் எண்பதாயிரம் தாண்டும். இன்சூரன்ஸில் கேஷ்லெஸ் கிடைக்கவில்லை. பிசிஓடி பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய், அதற்குப் போட்ட மாத்திரையால் வந்தது இது, ஆகவே தர முடியாது என்று கடிதம் வந்தது. டாக்டரிடம் போய், இது திடீரென்று வந்த உயிர்காக்கும் அவசர சிகிச்சை, பிசிஓடிக்கான சிகிச்சை அல்ல என்று தனியாக ஒரு சான்றிதழ் எழுதி வாங்கி, சிடி ரிப்போர்ட்டையும் எக்கோவையும் இணைத்து மேல்முறையீடு செய்தேன். பெரும்பகுதி வந்தது, ஆனால் மாதக்கணக்கில் ஆனது, அதுவரை நகை அடகில் இருந்தது. அதனால் டிஸ்சார்ஜ் அன்றைக்கே சம்மரியை வரிக்கு வரி படியுங்கள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். ஸ்கேன் சிடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் பழைய ரெக்கார்டு எடுக்க ஆள் இல்லை என்று அலையவிடுவார்கள். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு ஜெனரிக் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நான் முதல் மாதம் வாங்கியதற்கும் மக்கள் மருந்தகத்தில் வாங்க ஆரம்பித்த பிறகு கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டுவிட்டு, சாரும் இப்போது அங்கேதான் வாங்குகிறார்.